ஐந்தாம் நாள் தக்காளி

கோடு கீழே இறங்க வேண்டும். மில்லிகிராம் மேடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

தக்காளிக்குப் பூஞ்சை மருந்து அடித்த அன்று பழத்தோலில் அது வெள்ளையாகப் படிந்திருக்கும். அதற்கப்புறம் வெயில் அதை உடைக்கும், காற்று கொஞ்சம் கொண்டுபோகும், பழமும் பெருத்துக்கொண்டே போவதால் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவு தானாகவே குறையும். மண்ணில் சிந்தியதை நுண்ணுயிர்கள் மெதுவாகத் தின்று தீர்க்கும். பழத்தில் மிச்சம் என்றைக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் கீழே வருகிறதோ, அன்றைக்குத்தான் பறிக்கலாம். மருந்து டப்பாவில் "தெளித்தபின் இத்தனை நாள் காத்திருக்கவும்" என்று அச்சிடுவது அந்த எண்ணைத்தான்.

அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது மேடத்தின் வேலை. மருந்து எச்சங்களை அளக்கும் பரிசோதனைக் கூடத்தில் மூத்த ஆய்வாளர். வீட்டில் உப்பைக்கூடத் தராசில் வைத்துத்தான் போடுவார் என்று யாரோ கிளப்பிவிட்டதில் ஒட்டிக்கொண்டது அந்தப் பட்டப்பெயர். சுத்தப் பொய். சர்க்கரையை மட்டும்தான் நிறுப்பார்.

அந்தத் திங்கட்கிழமை காலை, திரையில் ஆறு எண்கள் இருந்தன.

தெளித்த அன்று 2.4. மறுநாள் 2.0. மூன்றாம் நாள் 0.3. ஐந்தாம் நாள் 1.0. ஏழாம் நாள் 0.15. பத்தாம் நாள் 0.1.

அதாவது மருந்து ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்து, மூன்றாம் நாள் பொசுக்கென்று படுத்து, ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டு, மறுபடி படுத்திருந்தது. சட்ட அளவு 0.8.

பின்னாலிருந்து ஒரு ஆறங்குல ஸ்கேல் நீண்டு வந்து திரையைத் தட்டியது. இயக்குநர். சட்டைப் பையில் பேனா இல்லாமல் வருவார், ஸ்கேல் இல்லாமல் வரமாட்டார். ஸ்கேல் சார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

"அந்த அஞ்சாம் நாளை விரலால மறைங்க மேடம்."

மறைத்தார்.

"இப்போ பாருங்க. சறுக்குமரம் மாதிரி எவ்வளவு அழகா இறங்குது! மூணாம் நாளே 0.3. மூணு நாள் காத்திருந்தா போதும்னு அறிக்கை எழுதிடுங்க. காத்திருப்பு நாளை முடிவு பண்ற குழு புதன்கிழமை கூடுது."

"அஞ்சாம் நாளை என்ன சார் பண்றது?"

"எந்த வகுப்பிலேயும் ஒரு முரட்டுப் பையன் இருப்பான். அவனை வெளிய நிறுத்திட்டுப் பாடத்தை நடத்துங்க."

"ஒருவேளை அவன் ஒருத்தன்தான் ஒழுங்கா எழுதியிருந்தா?"

"அப்போ மூணு, ஏழு, பத்து, மூணு பேரும் சேர்ந்து காப்பி அடிச்சானுங்களா?" ஸ்கேல் சார் தன் நகைச்சுவையைத் தானே ரசித்துக்கொண்டு போய்விட்டார்.

மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அந்தத் தக்காளி வந்த இடம். சோதனைக்குத் தோட்டம் தேர்ந்தெடுக்க விவசாயிகள் சங்கத்தில் குலுக்கல் போட்டார்கள். வந்து விழுந்தது மேடத்தின் தம்பி தோட்டம். தோட்டம் தம்பி பெயரில். நடத்துவதெல்லாம் தம்பி மனைவி. சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான்.

இந்தச் சோதனை வேண்டும் என்று மனுமேல் மனு போட்டவளும் அவளே. இப்போது அந்த மருந்துக்குக் காத்திருக்க வேண்டியது பதினான்கு நாள். பதினான்கு நாளில் தக்காளி பழுத்து, வெடித்து, கீழே விழுந்து, எறும்புக்கு விருந்தாகிவிடும். மருந்தே அடிக்காவிட்டால் இலைக்கருகல் செடியோடு முடித்துவிடும். பழம் நோய்க்கு, இல்லையென்றால் எறும்புக்கு. நாள் குறைந்தால்தான் மனிதர்களுக்கு.

ஒரு மணி நேரம் கழித்து ஃபோன் அடித்தது. தம்பி மனைவிதான்.

"அண்ணி! மூணு நாளாமே! உங்க சார் எங்க தலைவர்கிட்ட சொன்னாராம். நான் சங்கத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன். நம்ம அண்ணி சாதிச்சுட்டாங்கன்னு கைதட்டல் வேற!"

"ஏம்மா, நான் இன்னும் கையெழுத்தே போடலியே."

"அது கிடக்கு. போட்டுடுங்க."

"அஞ்சாம் நாள் சாம்பிள் ஒண்ணு இடிக்குது. அன்னிக்கு யாரு பறிச்சது?"

மறுமுனையில் தெளிவான, திருப்தியான குரல். "உங்க தம்பிதான். நான் பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன். அவரு கை வச்சா எது விளங்கியிருக்கு? வேற வரிசையில பறிச்சிருப்பாரு. தூக்கிப் போடுங்க அண்ணி அதை."

கூடத்தில் மாதிரி எடுக்கும் ஊழியர் பைக்கிலிருந்து விழுந்து காலில் கட்டோடு கிடந்தார். முதல் இரண்டு முறை மேடமே போய்ப் பறித்தார். அப்புறம் இயந்திரத்தை விட்டு நகர முடியவில்லை. எப்படிப் பறிப்பது, எப்படிப் பையில் போடுவது என்று ஒரு தாளில் எழுதித் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

ஃபோனை வைத்துவிட்டு, உறைபெட்டியிலிருந்து ஐந்தாம் நாள் பழத்தில் மீந்ததை எடுத்தார். அரைத்து, கரைப்பானில் குலுக்கி, சுழற்றி, மேலே தெளிந்ததை இயந்திரத்துக்குக் கொடுத்தார். 1.0. மறுபடி. 1.0. மூன்றாவது முறையும் 1.0. தம்பி பறித்த தக்காளி சொன்ன சொல் மாறவில்லை.

வேற வரிசை என்றால் மருந்து அடிக்காத வரிசை. அதில் பறித்திருந்தால் எண் குறைந்திருக்க வேண்டும், கூடியிருக்கக் கூடாது. அப்படியானால் நடுவில் இன்னொரு தடவை மருந்து அடித்துவிட்டானா? மேடம் மண்ணின் எண்களை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பழத்தோடு செடியடி மண்ணும் ஒரு பை வந்திருந்தது. மண்ணில் கோடு ஆறு நாளும் அடக்கமாக, ஒரே சீராக இறங்கியிருந்தது. மறுபடி மருந்து அடித்திருந்தால் மண்ணிலும் ஏறியிருக்குமே?

தவிர, தம்பியை அவருக்கு நாற்பது வருடமாகத் தெரியும். ஒரு தடவை செய்த வேலையை இரண்டாம் தடவை செய்கிற ஆள் அல்ல. முதல் தடவையே கெஞ்ச வேண்டும்.

ஆக, மண்ணுக்கு நடக்காத ஏதோ ஒன்று பழத்துக்கு மட்டும் நடந்திருக்கிறது. மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தோட்டத்தில் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் தம்பி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். எழுந்ததற்கே களைத்துப்போனவன் மாதிரி மறுபடி உட்கார்ந்தான்.

"வாக்கா. என்னைத் தூக்கில போட வந்தியா?"

"எதுக்குடா?"

"காலையிலேர்ந்து இவ என்னை நிக்க வச்சுக் கேள்வி கேக்கறா. நான் என்ன பண்ணினேன்? பறிச்சேன், பையில போட்டேன், கட்டினேன், குடுத்தேன். அதுல என்ன தப்புப் பண்ண முடியும்? தப்புப் பண்றதுக்கும் கொஞ்சம் வேலை பாக்கணும்ல?"

தம்பி மனைவி உள்ளேயிருந்து ஈரக்கையோடு வந்தாள். "வாங்க அண்ணி. நீங்களே கேளுங்க இவரை. மண்ணும் தூசியுமா அப்படியே அள்ளிப் போட்டிருக்காரு. நான் வந்து பாக்கறதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு. எனக்கு மானமே போச்சு. நாத்தனார் ஆபீசுக்கு அனுப்புற பழமா அது?"

மேடத்தின் காதில் எங்கோ ஒரு மணி அடித்தது.

"சரி. நீ எப்படி அனுப்பினேன்னு எனக்குச் செஞ்சு காட்டு. பறிக்கிறதுலேர்ந்து பை கட்டுறவரைக்கும். ஒண்ணு விடாம."

"அதுக்கென்ன!" தம்பி மனைவிக்கு முகம் மலர்ந்தது. பக்கத்துப் பாத்தியில் வெள்ளிக்கிழமைதான் மருந்து அடித்திருந்தார்கள், கருகல் தலைகாட்டியதால் வேறு வழியில்லாமல். அங்கே போய் ஒரு கூடை பறித்து வந்தாள். கையுறை போட்டிருந்தாள். மேல்கொத்து, நடுக்கொத்து, கீழ்க்கொத்து மூன்றிலும் சமமாகப் பறித்தாள். தாளில் எழுதியிருந்தபடியே. மேடம் தலையாட்டினார்.

அடுத்து அவள் கொட்டகை மூலையில் இருந்த குழாயைத் திறந்தாள்.

பேசினில் தண்ணீர் நிறைந்தது. அடுப்பிலிருந்து வெந்நீர் கொஞ்சம் விளாவினாள். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் இரண்டு சொட்டு. ஒவ்வொரு பழமாக எடுத்து, காம்புக் குழியில் பழைய டூத் பிரஷ்ஷால் நாலு தேய், இரண்டு அலசல். பிறகு கணவனின் பழைய பனியனை எடுத்து, கண்ணாடி துடைப்பதுபோல ஊதி ஊதித் துடைத்தாள். துடைத்த தக்காளியில் கொட்டகைக் கூரை தெரிந்தது.

"மூணாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள், மூணு தடவையும் இப்படித்தான் அண்ணி. பழத்துக்கு ஒரு நிமிஷம். மண்ணைக்கூட நான் சும்மா விடல, கல்லெல்லாம் பொறுக்கிட்டுத்தான் அனுப்பினேன்."

மேடம் பக்கத்திலிருந்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். உட்காரும் விதத்தில் அக்காவும் தம்பியும் ஒரே சாடை.

"ஏம்மா, கழுவச் சொல்லி யாரும்மா உனக்குச் சொன்னது?"

"நீங்கதான். 'ஒட்டிய மண்ணைத் துடைக்கலாம்'னு தாள்ல எழுதியிருந்தீங்களே."

"மெதுவா ஒரு பிரஷ்ஷால தட்டி விடணும்னு அர்த்தம்! நான் அளக்க வேண்டிய மருந்தையே நீ குளிப்பாட்டி அனுப்பியிருக்கியே! அந்த மருந்து தோல் மேலதான் உக்காந்திருக்கும், உள்ள போகாது. நீ சோப்புப் போட்டுத் தேச்சா அது எப்படி இருக்கும்?"

"ஆமா, முத நாள் வந்தப்போ ஒரு பழத்தை ரெண்டு விரல்ல தூக்கிப் புடிச்சுக்கிட்டு, 'என்ன இப்படி வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிருக்கு'ன்னு கேட்டீங்கல்ல? அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. சுத்தமில்லாத வீடுன்னு நெனச்சிருப்பீங்க."

"ஐயோ, மருந்து நல்லாப் பரவியிருக்குன்னு சந்தோஷத்துல சொன்னேன்!"

"சந்தோஷத்தை அந்த மூஞ்சியோடவா சொல்வாங்க?"

தம்பி மெதுவாகக் கை தூக்கினான். வகுப்பில் ஒருநாளும் கை தூக்காதவன். "ஒரு நிமிஷம். அப்போ நான் அனுப்பினதுதான் சரியா?"

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஆறுல மூணு அக்கா பறிச்சதும் நான் பறிச்சதும். அதெல்லாம் சரி. இவ கஷ்டப்பட்டுப் பண்ணின மூணும் தப்பு. அப்படித்தானே?"

"அப்படித்தான்டா," என்றார் மேடம், ஒப்புக்கொள்ள மனமில்லாமல்.

"இதை யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஃப்ரேம் போட்டு மாட்டணும்."

தம்பி மனைவி பனியனை அவன்மேல் வீசினாள். ஆனால் அவள் மனம் அதில் இல்லை. கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. "அப்போ மூணு நாள்?"

"மூணு நாள்ல உண்மையில 1.4 பக்கம் இருந்திருக்கணும். சட்டம் 0.8. தெளிச்ச அன்னிக்கு, மறுநாள், அஞ்சாம் நாள் மட்டும் வச்சுப் பாத்தா, நாலு நாளுக்கு ஒருதடவை பாதியாகுது. எப்படியும் ஆறு நாளுக்கு மேல போகும். ஆனா மூணு புள்ளியை வச்சுக் குழுவுல ஒண்ணும் பேச முடியாது. முதல்லேர்ந்து திரும்பச் செய்யணும். அடுத்த கூட்டம் அடுத்த மாசம்."

"அதுவரைக்கும் பதினாலு நாளா? அந்தப் பாத்தியில இருக்கிற பழம்?"

மேடம் வரப்பைப் பார்த்தார். எறும்புகள் ஏற்கனவே அங்கே காத்திருந்தன.

தம்பி மனைவி எதிரே வந்து குந்தினாள். குரல் இறங்கியது. "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கறேன். சங்கத்துல அறுபது பேருக்கு மூணுன்னு சொல்லிட்டேன். உங்க சாரும் அஞ்சாம் நாளைத் தூக்கிடலாம்னுதான் சொல்றாரு. கழுவினா மருந்து போயிடுதுல்ல? எல்லாரும் கழுவித்தானே சாப்பிடப் போறாங்க? அப்போ 0.3தானே வயித்துக்குள்ள போகும்? அதையே எழுதினா என்ன பொய்?"

கேள்வி நல்ல கேள்வி. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். சோப்பு, வெந்நீர், டூத் பிரஷ் வைத்து எந்த வீட்டில் தக்காளி கழுவுகிறார்கள் என்று கேட்கலாம். லாரியிலிருந்து இறங்கும்போது உள்ள அளவைத்தான் சட்டம் பார்க்கிறது என்றும் சொல்லலாம். எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் தம்பிக்குப் பசித்துவிட்டது. வெற்றி பெற்றவர்களுக்குப் பசிக்கும். கூடையில் இன்னும் கழுவாமல் கிடந்த ஒரு சிவந்த பழத்தை எடுத்து, சட்டையில் ஒரு தடவு தடவி, வாய்க்குக் கொண்டுபோனான்.

"ஏங்க!" தம்பி மனைவி பாய்ந்து அவன் மணிக்கட்டில் ஒரு போடு போட்டாள். பழம் உருண்டு பெட்டிக்கடியில் போனது. "அறிவிருக்கா? மருந்து அடிச்சு மூணு நாள்தாங்க ஆச்சு! கழுவாம வாயில வைக்கிறீங்க!"

சொல்லிவிட்டு நின்றாள்.

குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேச வேண்டியதை அவளே பேசிவிட்டாள்.

"இவரை மாதிரி," என்றாள் தம்பி மனைவி கடைசியில், "ஊருக்கு எத்தனை பேரு இருப்பாங்க?"

"வீட்டுக்கு ஒருத்தர்," என்றார் மேடம்.

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஃபோனை எடுத்துச் சங்கத் தலைவரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், ஒளிவுமறைவு வேண்டாம் என்று.

"தலைவரே, அந்த மூணு நாள் செல்லாது. தப்பு என்னுது. சாம்பிளைக் கழுவிட்டேன்."

"எதுக்கும்மா கழுவின?"

"நாத்தனார் வீட்டுக்குப் போற பொருளை நீங்க கழுவாம அனுப்புவீங்களா?"

"மாட்டேன்," என்றார் தலைவர். "ஆனா அறுபது பேருக்கும் நீயே சொல்லிடும்மா. நான் சொன்னா என்னை அடிப்பாங்க."

பரிசோதனைக் கூடத்தில் ஸ்கேல் சாரைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருக்கும் என்று மேடம் நினைத்திருந்தார். அவர் முழுவதையும் கேட்டார். டூத் பிரஷ் வந்த இடத்தில் ஸ்கேல் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்து, "ஆக மூணு பேரும் நிஜமாவே காப்பி அடிச்சிருக்கானுங்க," என்று சொல்லிவிட்டு, புதன்கிழமைக் கூட்டத்துப் பட்டியலிலிருந்து தக்காளியைத் தானே அடித்தார். கோடு போட்டு, நேராக.

இரண்டாவது சோதனை அடுத்த வாரமே தொடங்கியது. மேடம் தாளைத் திருத்தி எழுதினார். "கழுவக் கூடாது. துடைக்கக் கூடாது. ஊதக் கூடாது." பறிக்கும் பொறுப்பு தம்பிக்கு என்று ஏகமனதாக முடிவானது. பறித்ததும் மனைவி அருகில் வரக் கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை. அவள் கொட்டகை வாசலில் நின்று, மண் ஒட்டிய பழங்கள் பைக்குள் போவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். ஏழாம் நாளன்று தாங்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

2.3. 1.9. 1.4. 1.0. 0.7. 0.4.

இந்தத் தடவை கோடு எங்கேயும் உட்காரவில்லை. ஏழாம் நாள் 0.7, சட்டத்துக்குக் கீழே. குழு அரைமணி நேரம் கேள்வி கேட்டது, கடைசியில் ஏழு என்று எழுதியது.

சங்கக் கூட்டத்தில் அதைச் சொல்லத் தம்பி மனைவி எழுந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாமா குரல் கொடுத்தார். "போன மாசம் மூணுன்னே, இப்போ ஏழுங்கறே. அடுத்த மாசம் எத்தனைம்மா?"

"ஏழுதான் மாமா. போன மாசம் சொன்னது நான் குளிப்பாட்டின தக்காளிக்கு. வேணும்னா நீங்களும் மூணாம் நாள் பறிச்சு, ஆயிரம் கிலோவுக்கும் சோப்புப் போட்டுத் தேயுங்க. பிரஷ் நான் தரேன்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. அவள் கரும்பலகையில் தன் தோட்டத்தை வரைந்தாள். நடுவில் ஒரு கோடு.

"பதினாலு நாள்ல நம்மால ஒண்ணும் பண்ண முடியல. ஏழுல முடியும். தோட்டத்தை ரெண்டாப் பிரிச்சுக்குவோம். இந்தப் பாதிக்கு மருந்து அடிக்கிறதுக்கு முந்தின நாள், நிறம் திரும்பின எல்லாப் பழத்தையும் பறிச்சுடணும். பச்சையா இருக்கிறது ஏழு நாள்ல சரியாச் சிவக்கும், வெடிக்காது. அந்த ஏழு நாளும் அடுத்த பாதியில பறிக்கலாம். வாரம் மாறினா பாதியும் மாறும்."

மாமா மூக்கைச் சொறிந்தார். "எங்க தெருவுல நாலு பேருக்கு ஒரே ஸ்பிரேயர். யாருக்கு எந்த நாள்?"

"எனக்குத் திங்கள்," என்றார் ஒருவர்.

"திங்கள் நான் எப்பவோ சொல்லிட்டேன்!"

"யாருகிட்ட சொன்னே?"

நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். கரும்பலகையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. யாரோ சாக்பீஸைப் பிடுங்கி ஏழு கட்டம் போட்டார்கள், வேறு யாரோ அதை அழித்தார்கள். கடைசி நாற்காலியில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த மேடத்துக்குப் பக்கத்தில் தம்பி வந்து அமர்ந்தான்.

"அக்கா, நமக்கு எந்த நாள்?"

"உன் பொண்டாட்டியைக் கேளு."

தம்பி மனைவி கூட்டத்துக்கு நடுவிலிருந்து தலையை நிமிர்த்தி இருவரையும் பார்த்துக் கத்தினாள். "ஏங்க, அங்க உக்காந்து என்ன பேச்சு? செவ்வாய்க்கிழமைக்குச் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன், வந்து என் பக்கம் நில்லுங்க! அண்ணி, நீங்களும்தான்!"

தம்பி பெருமூச்சு விட்டு எழுந்தான். மேடம் அவனுக்கு முன்னாலேயே போய் அவள் பக்கம் நின்றுவிட்டார்.